சிவப்புச் சீட்டுத் தோரணம்

செப். 27, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல் கலந்த காற்று, கண்ணெல்லாம் எரிச்சல். நோன்பு ஆரம்பித்த வாரம், டீ இல்லாமல் தலைவலி.

இன்று முதல் எங்கள் கட்டுமான சைட்டில் 'லீன்', வீணைக் குறைக்கும் புது வேலைமுறை. தலைமை ஆபீஸ் உத்தரவு. போன வாரம் புனாவிலிருந்து தேஷ்பாண்டே என்ற ஆலோசகர் வந்து பாடம் எடுத்தார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மேஸ்திரிகளுக்குத் தமிழில் சொன்னது சைட் இன்ஜினியர் நான். எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். சைட் ஆபீஸ் சுவரில் பெரிய சார்ட். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு வரிசை. இந்த வேலையை இந்த நாளில் முடிப்பேன் என்றால் பச்சைச் சீட்டு. தடை இருக்கிறது, முடியாது என்றால் சிவப்பு. வேலை செய்கிறவனே வாக்குக் கொடுக்க வேண்டும், முடியாது என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. சிவப்பு ஒட்டுவது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு என்று இரண்டு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் ரங்கராஜன், இனி பி.எம்., இதில் பிடித்துக்கொண்டது ஒரே வார்த்தை. வீண். சைட்டில் சும்மா கிடப்பதெல்லாம் வீண். இன்று வீண் என்று லாரியில் ஏறிப்போனவை:

கலவை மிஷின். ("அதான் கலந்த காங்கிரீட்டோட ரெடிமிக்ஸ் லாரி வருதே, இது எதுக்கும்மா?")
ஸ்டோரில் இருந்த சிமெண்ட் மூட்டை அத்தனையும்.
ஸ்பேர் வைப்ரேட்டர். காங்கிரீட்டைக் குலுக்கி இறுக்க இனி ஒன்றே ஒன்று.
சித்தாள் கன்னியம்மாவும் மற்றப் பெண்களும் உட்கார்ந்து சாப்பிடும் மரபெஞ்ச்.

பெஞ்ச் எதற்குப் போகிறது என்று கேட்டேன். "உக்கார இடம் இருந்தா உக்காரத்தான் செய்வாங்க" என்றார். தேஷ்பாண்டே இதைச் சொல்லவே இல்லை.

சாயங்காலம் நோன்பு திறக்கும்போது அத்தாவிடம் கொட்டித் தீர்த்தேன். "நோம்பு வச்சிகினு கோவப்படாதம்மா, நோம்பு நிக்காது" என்றார். அப்படியானால் இந்த வருஷம் எனக்கு ஒரு நோன்பும் நிற்காது.

செப். 29, வெள்ளி

காலைக் கூட்டம். சார்ட் முழுக்கப் பச்சை. பி.எம். முகம் முழுக்கச் சிரிப்பு. போட்டோ எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார்.

அடுத்த புதன் பெரிய வேலை. தொட்டியின் அடித்தளத்துக்குக் காங்கிரீட். பக்கத்துக் கம்பெனியின் காஸ்டிக், தோலையே அரிக்கும் காரம், நிற்கப்போகிற தொட்டி. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குப்பம், அவர்கள் கைபம்பு இங்கிருந்தே தெரிகிறது. அடித்தளம் கசிந்தால் அந்தத் தண்ணீரை யார் வாயில் வைப்பது? அதனால் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் முதலில் போட்டது இறுகிவிடும், பிறகு போடுவது அதோடு ஒட்டாது.

காங்கிரீட் மேஸ்திரி ஏழுமலை. வியாசர்பாடிக்காரர். கூட்டத்தில் பி.எம். கேட்டார், புதன் ஆயிடுமா? "ஆயிடும் சார்." ஒரு வைப்ரேட்டர் போதுமா? "ஆயிடும் சார்." பச்சையை வாங்கி ஒட்டிவிட்டு வெளியே வந்ததும் என்னிடம், "ஒத்த வைப்ரேட்டர வச்சிகினு இன்னா மேடம் பண்றது? அது மக்கர் பண்ணா பேஜாரு."

எனக்கு வந்ததே கோபம். அதை உள்ளே சொல்வதற்கென்ன?

"காலீல மொத மொத வேலைக்கு எறங்கசொல்ல ஆவாதுன்னு வாயத் தொறக்கலாமா மேடம்? எங்க நைனா காலத்துலேர்ந்து அந்தப் பயக்கம் கெடையாது. சாங்காலம் கேளுங்க, சொல்றேன்."

அவர் மட்டுமில்லை, எல்லா மேஸ்திரியும் அப்படித்தான். யோசித்தால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காலையில் அரிசி தீர்ந்தால் 'அரிசி வாங்கணும்' என்பார்கள், இல்லை என்ற சொல் வராது. உடனே பி.எம்.மிடம் போய், கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றலாம், அப்போதுதான் உண்மை வரும் என்றேன்.

"காலைல தலைமை ஆபீசுக்குப் போட்டோ போகணும்மா."

போட்டோவுக்காக நடக்கிற கூட்டம். நன்றாயிருக்கிறது.

செப். 30, சனி

நாளை ஞாயிறு என்பதால் இன்றே சைட்டில் ஆயுத பூஜை. சின்னத் தூறல். மண்வெட்டி, கலவை சுமக்கும் பாண்டு, இருக்கிற ஒரே வைப்ரேட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சார்ட்டுக்கும் ஒரு பொட்டு. பூசணிக்காய் உடைத்ததில் பி.எம். பேண்டில் தெறித்தது. இன்றைய தினத்தில் எனக்கு நேர்ந்த ஒரே நல்லது.

ஆபீஸ் அறையில் மூலைக்கு மூலை சிவப்புத் தோரணம். அழகாகத்தான் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். சீட்டு. நம் சிவப்புச் சீட்டு. ஒவ்வொன்றாய் நடுவில் மடித்து, சணல் கயிற்றில் பசை போட்டு ஒட்டி. கட்டுக் கட்டாக அத்தனையும்.

ஸ்டோர் பாபுவின் கைவேலை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"பிரிக்காமயே சும்மா கெடந்துச்சி மேடம். சும்மா கெடந்தா வீணுன்னு பி.எம். தான சொல்லிகினே கீறாரு?"

அந்த அறையில் பி.எம். பாடத்தை ஒழுங்காகக் கற்றவன் பாபு ஒருவன்தான். பி.எம். தோரணத்தைப் பார்த்து "கலர்ஃபுல்லா இருக்கு" என்றார்.

பொரி கடலைப் பொட்டலம் இரண்டு. வீட்டுக்கு எடுத்து வந்தேன். அத்தாவுக்குப் பொரி பிடிக்கும்.

அக். 3, செவ்வாய்

ரயில் விம்கோ நகர் தாண்டி நின்றுவிட்டது. ஜன்னல் வழியே ரோடு தெரிந்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக, அசையாமல். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைக்கிறார்கள். சமைக்க ஆரம்பித்துவிட்டால் அன்று வரிசை நகராது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியும்.

நாளைய ரெடிமிக்ஸ் லாரியும் அதே ரோட்டில்தான் வர வேண்டும். பி.எம்.மிடம் சொன்னேன். ஒரு நாள் தள்ளலாம், அல்லது கலவை மிஷினையாவது திரும்ப வரவழையுங்கள், லாரி தாமதமானால் நாமே கலந்து ஓரத்தை இறுகவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

"பாத்துக்கலாம்மா. லாரிக்காரன் பச்சை ஒட்டியிருக்கான் இல்ல?"

ஒட்டியிருக்கிறான். டிரெய்லர்காரர்களிடம் யாராவது பச்சை வாங்கினார்களா?

அக். 4, புதன்

எழுதவே கை வரவில்லை. இருந்தும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

முதல் லாரிகள் சரியாக வந்தன. ஏழுமலை கோஷ்டி பேயாக வேலை செய்தது. பாதித் தளம் ஆனது. அப்புறம் லாரி இல்லை. போன் போட்டால், "டிரெய்லர் நடுவுல மாட்டிகினேன் சார், முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் போவ முடியல."

வெயில் வேறு. போட்ட காங்கிரீட்டின் ஓரம் கண்ணெதிரே நிறம் மாறுகிறது. ஏழுமலை சாக்கை நனைத்து நனைத்துப் போட்டார். கன்னியம்மா தலையில் தண்ணீர்க் குடத்தோடு ஓடினாள். நான் ரோடு வரைக்கும் ஓடினேன். ஓடி என்ன செய்யப்போகிறேன்? டிரெய்லரைத் தள்ளவா?

ஒரு மிஷினும் நாலு மூட்டை சிமெண்டும் இருந்திருந்தால் போதும். வீணாம்.

அடுத்த லாரி வந்தபோது மதியம் போய்விட்டது. ஓரத்தை ஏழுமலை கம்பியால் குத்தினார். இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நிறுத்துங்கள் என்று கத்தினேன். பி.எம். "போடுங்க, போடுங்க, லாரி வெயிட்டிங்" என்றார். போட்டார்கள்.

நோன்பு திறக்க நேரமாகிவிட்டது. தண்ணீர் மட்டும் குடித்தேன். கஞ்சி இறங்கவில்லை.

அக். 5, வியாழன்

தளத்தின் குறுக்கே கோடு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பி.எம்.முக்கு மட்டும் தெரியவில்லை. "மேல சிமெண்ட் பால் பூசிட்டா போச்சு." சிமெண்ட் ஏது? பக்கத்து சைட்டில் ஒரு மூட்டை கடன் வாங்கிவரச் சொல்லி பாபுவை அனுப்பினார். அதற்கு மட்டும் மூட்டை வேண்டும்.

உடைக்க வேண்டும் என்றேன். காஸ்டிக் அந்தக் கோட்டில்தான் இறங்கும், நேரே குப்பத்துக்குப் போகும் என்றேன்.

"சனிக்கிழமை தேஷ்பாண்டே வர்றார், தலைமை ஆபீஸ்லேர்ந்தும் வர்றாங்க. தளம் தயார்னு நீ பச்சை ஒட்டற. தொட்டிச் சுவருக்குக் கம்பி கட்ட ஆரம்பிக்கறோம். புரியுதா நூர்ஜஹான்?"

மதியம் பூசிவிட்டார்கள். கோடு மறைந்தது. தளம் கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி பளபளவென்று இருக்கிறது. காறித் துப்பலாம் போல. நோன்பு.

அக். 6, வெள்ளி

மழை. வேலை இல்லை. துணி காயவில்லை. அத்தாவுக்கு இருமல் மாத்திரை, சேமியா, பேரீச்சம்பழம் (வண்ணாரப்பேட்டையில் மலிவு).

பச்சை ஒட்டாவிட்டால் பி.எம். என்னை வேறு சைட்டுக்குத் தூக்கி அடிப்பார். அடிக்கட்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. மறுநேரம் அத்தாவின் இருமல் கேட்கிறது. வேலையே போனால்?

"இன்னாம்மா மூஞ்சி இப்பிடி கீது?" என்றார் அத்தா. சொன்னேன். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார். அப்புறம், "அந்தக் கொயாத் தண்ணிய குடிக்கறவங்களாண்ட யார் கேட்டாங்க?" என்றார். அவ்வளவுதான். மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தார்.

அக். 7, சனி

கூட்டம். காமிராவோடு தலைமை ஆபீஸ்காரர் ஒருவர். தேஷ்பாண்டே எல்லாருக்கும் கைகுலுக்கினார், கன்னியம்மாவுக்கும். சார்ட் பச்சைப் பசேல். என் முறை வந்தது. பி.எம். ஒரு பச்சைச் சீட்டை நீட்டினார். அவர் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தார்: அடித்தளம் தயார். நான் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

வாங்கவில்லை. மேஜையைப் பார்த்தேன். சிவப்பு இல்லை, எப்படி இருக்கும்? தலைக்கு மேலே தோரணம். பூஜை முடிந்தும் யாரும் அவிழ்க்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். ஒன்றைப் பிய்த்தேன். மடிப்பைப் பிரித்தேன், ஓரம் கிழிந்துவிட்டது. எழுதினேன்: 'தளம் நடுவில் ஒட்டவில்லை. மேலே பூசி மறைத்திருக்கிறது. சுவர் எழுப்ப முடியாது.' சார்ட்டில் ஒட்டினேன். சத்தமாகப் படித்தேன், தமிழிலும் இங்கிலீஷிலும்.

"என்ன விளையாட்டு இது?" என்றார் பி.எம்.

தேஷ்பாண்டே சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்து தோரணத்தைப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மெதுவாக. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கொடுத்த கட்டெல்லாம் இதுதானா என்று கேட்டார். பாபு ஆமாம் என்று தலையாட்டினான், பெருமையாக.

அப்போது ஏழுமலை.

"மேடம், அப்டியே எனக்கு ஒண்ணு பிச்சிக் குடுங்க."

"காலையில சொல்லக் கூடாதுன்னீங்களே?"

"அதான் நீங்க போணி பண்ட்டீங்களே."

அவர் சொல்ல நான் எழுதினேன். ஒரே வைப்ரேட்டர், மிஷின் இல்லை, சிமெண்ட் இல்லை. பின்னாலிருந்து கன்னியம்மா, "அந்த பெஞ்சியும் எய்து மேடம்." அதற்குத் தனிச் சீட்டு. பிறகு பெயிண்டர், கம்பி கட்டுகிறவர், லாரிக்காரன்கூட. நான் நாற்காலியை விட்டு இறங்கவே இல்லை. காமிராக்காரர் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பி.எம். வெளியே போய் போன் பேசினார். தேஷ்பாண்டே தளத்துக்குப் போய்ப் பூச்சைச் சாவியால் சுரண்டினார். கோடு அங்கேயே இருந்தது. உடைக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அக். 9, திங்கள்

வானம் வெளுத்திருக்கிறது. உடைக்கும் மிஷின் வந்தது. ஏழுமலை ஆட்கள்தான் உடைத்தார்கள், அவர்கள் போட்டதை அவர்களே. பார்க்கச் சகிக்கவில்லை. பெஞ்ச் இன்னும் வரவில்லை. கலவை மிஷின் நாளைக்காம்.

மதியத்துக்கு முன்னால் அந்தக் கோட்டுக்கு வந்தார்கள். பாதி அடிகூட விழவில்லை. தளம் அந்தக் கோட்டிலேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அப்படியே சாய்ந்தது. உள்ளே வழவழவென்று இருந்தது. ஒரு இடத்தில்கூட ஒட்டியிருக்கவில்லை. வேலை நின்றது. எல்லாரும் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். கைபம்பில் ஒருத்தி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பி.எம். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"நல்ல வேளை, பாத்தோம்" என்றார்.

பார்த்தோமாம்!