என் முதல் கட்சிக்காரருக்கு

இன்று காலை யாழ்ப்பாணத்தில் என் சிறிய அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். வாய் நிறைய வெற்றிலை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் கலங்கியது. மனிதர் என்ன நினைத்தாரோ தெரியாது. நீங்கள் வெற்றிலை போடுகிற ஆளே இல்லை. என் படிப்புக்காக மட்டும் போட்டீர்கள்.

பண்டத்தரிப்பில் விவசாயப் போதனாசிரியையாகத் தோட்டம் தோட்டமாக ஓடித் திரிந்த எனக்கு, நாற்பது வயதில் சட்டம் படிக்கும் ஆசை வந்தது. விவசாயப் பட்டதாரிக்கு இது என்ன விசர் என்று சொந்தக்காரர் கேட்டார்கள். என் கணவரான நீங்கள் கேட்கவில்லை. சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிளில் வகுப்புக்கு ஏற்றி இறக்கினீர்கள். அப்படியிருந்தும் முதல் வருடப் பரீட்சையில் குப்புற விழுந்தேன். மண்ணைப் பரிசோதித்தால் விடை ஒன்றுதான் வரும். சட்டத்திலோ இரண்டு பக்கமும் நியாயம் இருந்து தொலைத்தது. புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன்.

"எனக்கு உது சரிவராதப்பா. நான் பயிரோடையே நிண்டுகொள்ளுறன்" என்றேன். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவார் என்று எனக்குக் கோபம்.

சற்று நேரத்தில் வாசல் படலையில் ஒரு செருமல். சால்வையைத் தலையில் கட்டி, வெற்றிலையை அதக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்.

"சட்டத்தரணியம்மா நிக்கிறாவோ?"

தபால் கந்தோர் உத்தியோகத்தில் நாள் முழுக்க ஆட்களைப் பார்த்த அனுபவம், குரல் அசல் கிழவருடையது போலவே இருந்தது.

"பக்கத்துக் காணிக்காரன் என்ரை வேலிக் கதியால் தடி எல்லாத்தையும் பிடுங்கி, இஞ்சாலை தள்ளி நட்டுப்போட்டான், பிள்ளை."

"எந்தக் கதியால்? கிளுவையோ, பூவரசோ?" என்றேன் நான், வெகு அக்கறையாக. "மாரி துவங்க முன்னம் நட்டவரெண்டால் வேர் பிடிச்சிருக்கும்."

சால்வை அவிழ்ந்து விழ விழச் சிரித்தீர்கள். "நான் வேலி போன கவலையிலை வந்தனான். நீர் கதியாலுக்கு வைத்தியம் பாக்கிறீர்!"

நானும் சிரித்தேன். அன்று மாலையே பெட்டியை அவிழ்த்தேன்.

அதன் பிறகு பின்னேரங்களில் புதிது புதிதாகக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். கொடிகாமத்து மரக்கறி வியாபாரி, தங்கையோடு காணிக்கு மல்லுக்கட்டும் அண்ணை, எல்லாம் நீங்கள்தான். ஒருநாள் வந்தவர் வாயே திறக்கவில்லை. நான் கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினேன். கடைசியில், "நீர் மூச்சு விட்டாத்தானே, பிள்ளை, நான் கதைக்கலாம்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு கேட்க அன்றுதான் பழகினேன்.

கடைசிப் பரீட்சைக்கு முன்னர் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்த அன்று உங்கள் அக்கா என் தலையைத் தடவி, "இனி ஏன் பிள்ளை உந்தப் படிப்பு? இருக்கிற உத்தியோகம் காணுமே" என்றார். இரக்கத்தில் சொன்னது. போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் பரீட்சை நாள் வரைக்கும் நினைத்திருந்தேன். போனேன். வினாத்தாளை விரித்தால், 'அ' என்பவர் 'ஆ' என்பவருக்குக் காணி விற்கிறார், 'இ' என்பவர் தடுக்கிறார். மூவருக்கும் உங்கள் குரல். மூவரும் வெற்றிலையை அதக்கிக்கொண்டு என்னிடம் முறையிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் எப்படி எழுந்து வருவது? எழுதினேன். சித்தியடைந்தேன்.

எங்கள் தேசவழமைச் சட்டத்தில், கலியாணத்துக்குப் பிறகு கணவனும் மனைவியும் தேடிக்கொண்ட சொத்துக்குத் தேடியதேட்டம் என்று பெயர். அது இருவருக்கும் சரிபாதி. படிப்பை அதில் சேர்க்க இடமில்லை என்று எனக்குத் தெரியும், நீதிமன்றத்தில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காலையில் கறுப்புக் கோட்டைப் போடும்போது, உங்கள் பாதியையும் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.