செப்டம்பரில் விட்ட தப்புகள்

டாமராக் துறை, மிச்சிகன்
பிப்ரவரி, திங்கட்கிழமை

அன்பு மகள் கைசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்றுதான் ஊரில் எந்த அம்மாவும் கடிதத்தைத் தொடங்குவாள், நானும் இத்தனை வருடம் அப்படித்தான் தொடங்கினேன், இன்றைக்கு அந்த வார்த்தையை எழுதப் பேனா நகரமாட்டேன் என்கிறது. யாராவது நலம் என்றாலே இப்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நேற்று உன்னை இரண்டு தரம் போனில் கூப்பிட்டேன், இரண்டு தரமும் "நல்லாத்தாம்மா இருக்கேன், நீ சும்மா கவலைப்படாதே" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். கடிதத்தைப் பார்த்துச் சிரித்து மழுப்ப முடியாது, அதனால் எழுதுகிறேன். தவிர, கிறிஸ்துமஸ் சமயத்தில் நீயேதான் சொன்னாய், போனில் நீள நீளமாக எழுதி அனுப்பாதே அம்மா, எதுவானாலும் காகிதத்தில் எழுது என்று. என் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்து நான் பூரித்துப் போனேன். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன், நீ அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாமல் முதலிலிருந்து படி.

உன் அப்பா கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிக்குத் தலைமைக் கோச் ஆனபோது நாம் எல்லோரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். எத்தனையோ வருடம் பழைய கோச் ஹால்வர்சனுக்குப் பின்னால் தண்ணீர்ப் புட்டியும் விசிலுமாக நின்ற மனிதர். ஹால்வர்சன் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனதோடு நில்லாமல் நன்றாக ஆடுகிற பையன்களையும் கூடவே அள்ளிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். மிச்சம் இருந்தவர்களை வைத்துக்கொண்டு "இந்த ஒரு வருஷம் பார்ப்போம் ரூடி" என்று கல்லூரித் தலைவர் அப்பாவின் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். முதுகில் தட்டுகிற கைதான் கழுத்தையும் பிடித்துத் தள்ளும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நவம்பர் முழுக்கத் தோல்வி, டிசம்பரில் அதைவிடக் கேவலமான தோல்வி. பெட்ரோல் போடப் போனால் பங்க் வைத்திருக்கும் வெர்னர், "லின்னியா, உன் வீட்டுக்காரருக்கு ஒரு திசைகாட்டி வாங்கிக் குடு, எதிராளியோட கோல் எந்தப் பக்கம் இருக்குன்னு பசங்களுக்குக் காட்டட்டும்" என்கிறான். "முதல்ல உன் கடையில காத்தடிக்கிற மெஷினை ரிப்பேர் பண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் காரில் ஏறியதும் அழுதேன். அப்பா சாப்பிடுவதையே விட்டுவிட்டார். உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சூடாகப் பாஸ்டி சுட்டுக் கொடுத்தால் அதைத் தட்டில் வெட்டி, துண்டுகளை ஆட்டக்காரர்கள் மாதிரி நகர்த்திப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஜனவரியில் காற்று திரும்பியது. திருப்பியது உன் தம்பிதான். ஆர்வோவுக்குக் கல்லூரியில் இது கடைசி வருடம், அணித் தலைவன், தடுப்பாட்டத்தில் அவனை விட்டால் ஆள் கிடையாது. கோலை நோக்கி வரும் ரப்பர் வட்டுக்குக் குறுக்கே பனியில் விழுந்து படுத்து உடம்பில் வாங்கினான். முதல் வெற்றி அன்று அப்பா அந்தப் பழுப்பு டை கட்டியிருந்தார், அதில் கடுகுச் சாறு கொட்டிக் கறை. ஜெயித்த டையைத் துவைத்தால் அதிர்ஷ்டம் தண்ணீரோடு போய்விடும் என்று இன்றுவரை அந்தக் கறையைத் தொட விடவில்லை. பையன்கள் எல்லாம் அதிர்ஷ்டத்துக்கென்று ஆளுக்கொரு அசிங்கமான மீசை வைத்துக்கொண்டார்கள். வெர்னர் எனக்குக் காசு வாங்காமல் காபி ஊற்றினான் என்றால் பார்த்துக்கொள். கடைசியில் எல்லாம் போன சனிக்கிழமை ஆட்டத்தில் வந்து நின்றது, ஜெயித்தால் அடுத்த சுற்று, அப்பாவின் வேலையும் தங்கும். தோற்றால் இரண்டும் போச்சு.

அதற்கு முன்னால் வெளியூரில் ஆடிய ஆட்டத்தில் ஒரு தடியன் ஆர்வோவைப் பின்னாலிருந்து மோத, அவன் தலை பனித்தளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் போய் இடித்தது. நான் வானொலியில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் அடங்கியது, பிறகு இரண்டு அணிப் பையன்களும் மட்டையால் பனியைத் தட்டுகிற சத்தம் கேட்டது, எழுந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன். ஆட்டம் முடிந்து வானொலிக்காரர் கேட்டதற்கு அப்பா "மேல் உடம்புல அடி" என்றார். எந்தக் கோச்சும் அப்படித்தான் சொல்வார், இடுப்புக்கு மேலே என்றால் மேல் உடம்பு, கீழே என்றால் கீழ் உடம்பு, அதற்குமேல் சொன்னால் எதிராளி அந்த இடம் பார்த்து அடிப்பான். சரி. ஆனால் வீட்டுக்கு வந்த மனிதரிடம் பையனுக்கு எங்கே அடி என்று கேட்கிறேன், என் சமையலறையில் நின்றுகொண்டு என்னிடமே "மேல் உடம்புல" என்கிறார். "ரூடி, நான் எதிரணி இல்ல, அவனைப் பெத்தவ" என்றேன். அப்போதும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே தரையைத்தான் பார்த்தார்.

அணியில் அடிபட்டவர்களைக் கவனிக்கிற அந்தப் பெண் ஜோன், ஆர்வோவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துப் பரீட்சை வைத்தாள். உனக்கு நான் சொல்ல வேண்டுமா, செப்டம்பரில் எல்லோரும் ஒரு தரம் எழுதுகிற அதே ஞாபகசக்திப் பரீட்சை. தலையில் அடிபட்டால் மறுபடி எழுத வேண்டும், செப்டம்பரில் எடுத்த மதிப்பெண் வந்தால் மூளை பழையபடி இருக்கிறது, ஆடலாம். ஆர்வோ தேறிவிட்டான். டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்த பையனோ வெயிலே இல்லாத மத்தியானத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்கிறான். காபியில் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்தான், முகம்கூடச் சுளிக்கவில்லை. கூரையில் சேர்ந்த பனியை வாரித் தள்ள ஏணியில் ஏறியவன் பாதியில் நின்றுவிட்டான், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல்.

இவன் எப்படித் தேறினான் என்று எனக்குத் தெரியும் கைசா. நீ ஸ்வீடனுக்கு ஆடப் போகுமுன் இங்கே கல்லூரிப் பெண்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்த வருடம், இதே சாப்பாட்டு மேசையில், செப்டம்பர் பரீட்சையில் வேண்டுமென்றே பாதிக் கேள்விக்குத் தப்பாக விடை எழுதிவிட்டு வந்ததை நீ நடித்துக் காட்டினாய். "முதல்லயே முட்டாள்னு பேர் வாங்கிட்டா அப்புறம் தலை உடைஞ்சாலும் தேறிடலாம்" என்று அப்பா சொல்ல, ஆர்வோ பால் புரையேறச் சிரித்தான். நானும்தான் சிரித்தேன். ஆட்டக்காரர்கள் வீடு, எல்லோரும் செய்கிறதுதானே என்று இருந்துவிட்டேன். இப்போது அதையே அப்பாவிடம் சொன்னால், "அதெல்லாம் விளையாட்டுக்குப் பேசினது, இவன் அணித் தலைவன், அப்படிச் செய்யமாட்டான், டாக்டரைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமோ" என்று என் மேலேயே பாய்ந்தார். கண்ணைப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. மூழ்குகிறவன் துரும்பைப் பிடிப்பதுபோல அந்த மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆர்வோவிடம் கெஞ்சினேன், "ஒரு ஆட்டம்தாம்மா, அப்பாவுக்காக" என்றான். போதகரிடம்கூடப் போனேன், அவர் ஜெபம் பண்ணிவிட்டு, சனிக்கிழமைக்கு டிக்கெட் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை அப்பா முன்னதாகவே அரங்கத்துக்குப் போய்விட்டார். நான் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். ஆர்வோ பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிர் வீட்டுக்குள் கொட்டக் கொட்ட, வாயில் விரலை வைத்து விசிலடித்தான். அப்புறம் முஸ்தியைக் கூப்பிட்டான். "முஸ்தி எங்கம்மா, நேத்து ராத்திரியே வெளிய விட்டுட்டோமா" என்றான். உங்கள் நாயை அவனும் அப்பாவும் சேர்ந்துதான் ஆப்பிள் மரத்தடியில் புதைத்தார்கள், பெட்டி செய்தது அப்பா, குழி தோண்டியது அவன். என் முகத்தைப் பார்த்ததும் சுதாரித்துக்கொண்டு, "சும்மா சொன்னேம்மா" என்று சிரித்தான். அப்பாவைக் கூப்பிட்டேன், ஆட்ட நாளில் அவர் போனை அணைத்துவிடுவார். ஜோனையும் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. நேரில் போனால் உடை மாற்றும் அறை வாசலிலேயே ஒரு பையன், "ஆட்டத்துக்கு முன்னாடி வீட்டுக்காரங்க யாரும் உள்ள வரக்கூடாது மிசஸ் கங்காஸ், உங்களுக்குத் தெரியாததா" என்று மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டான்.

கடைசி வருடப் பையன்களை அவரவர் அம்மா அப்பா கூட்டிக்கொண்டு பனிக்கு நடுவே போகிற வழக்கம் இருக்கிறதே, அது அன்றைக்குத்தான். கம்பளம் விரித்திருந்தார்கள். அப்பா கோச் என்பதால் கம்பளத்தின் கோடியில் நின்று எல்லாக் குடும்பத்துக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அரங்கம் நிரம்பி வழிகிறது. எங்கள் பெயரை அழைத்தார்கள். ஆர்வோ ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் என் கையைக் கோத்துக்கொண்டான். நடை பழகியதிலிருந்து பனியில் சறுக்குகிற பிள்ளை, கைசா, அவன் பாரம் முழுவதும் என் தோளில் இறங்கியது. வெளியே பார்த்தவர்களுக்கு மகன் அம்மாவைக் கூட்டிப் போவதாகத்தான் தெரிந்திருக்கும். நான் விட்டிருந்தால் விழுந்திருப்பான்.

அதனால் விடவில்லை. அப்பா கை கொடுத்தார், ரோஜாப்பூவைக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அடுத்த பெயரையும் அழைத்துவிட்டார்கள், நான் அங்கேயே நின்றேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "லின்னியா, ஊரே பார்க்குது, அடுத்த பையனோட அம்மா காத்துட்டிருக்காங்க" என்றார். "காத்துட்டிருக்கட்டும், நான் இவன் கையை விடமாட்டேன்" என்றேன். ஆர்வோ "அம்மா, மானத்தை வாங்காதே" என்று கையை உருவப் பார்த்தான், உருவ அவனிடம் பலம் இல்லை. "ரூடி, காலையில இவன் முஸ்தியைக் கூப்பிட்டான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆர்வோவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "செப்டம்பர்ல எத்தனை தப்பு விட்டே" என்று கேட்டார். பையன் கையை உருவுவதை விட்டான். அப்புறம் சின்னக் குழந்தை மாதிரி, "நீங்க சொன்ன மாதிரிதாம்ப்பா, பாதி" என்றான்.

அப்பா அவனிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் கம்பளத்தில் திரும்பி நடந்தோம், மேலே இருந்து யாரோ ஊளையிட்டார்கள், பலர் கை தட்டினார்கள், என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். ஆட்டத்தில் படுதோல்வி. முடிந்த பிறகு வானொலிக்காரர் வழக்கம்போல, அணித் தலைவனுக்கு மேல் உடம்பிலா கீழ் உடம்பிலா என்று கேட்டாராம். "தலையில. என் பையன் தலையில. பரீட்சையில ஏமாத்தியிருக்கான், ஏமாத்தச் சொல்லிக் குடுத்தவன் நான்" என்று அப்பா சொன்னதை வெர்னர்தான் வந்து சொன்னான். அவனும் அழுதான். கல்லூரியிலிருந்து இன்னும் யாரும் பேசவில்லை, பேசும்போது என்ன சொல்வார்கள் என்று எங்களுக்கே தெரியும்.

ஆட்டம் முடியக் காத்திராமல் நான் ஆர்வோவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், முடிந்ததும் அப்பாவும் வந்து சேர்ந்தார். அங்கே இருந்த டாக்டரம்மா, இன்னொரு அடி மட்டும் விழுந்திருந்தால் என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, எப்போது தெளியும் என்று சொல்ல முடியாதாம். ஆர்வோ என்னோடு பேசுவதில்லை, தண்ணீர் கொடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். நேற்று சர்ச் முடிந்து அணிப் பையன்கள் ஐந்து பேர் அந்தக் கேவலமான மீசைகளோடு சமையலறையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். "கோச், செப்டம்பர்ல நாங்களும்தான்" என்றார்கள். உன் அப்பா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மறுபடி நிமிர வெகுநேரம் ஆயிற்று.

அவர்கள் போன பிறகு ஆர்வோவின் அறை ஜன்னலுக்கு உன் பழைய கம்பளிப் போர்வையை ஆணி அடித்து மாட்டினேன், அவன் கண்ணுக்குத் துளி வெளிச்சம்கூட ஆகவில்லை. இரண்டாவது ஆணியை அடிக்கும்போது என் கை நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பேசியபோது ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி வாங்கித் தைத்து மாட்டினேன் என்றாயே கைசா. டிசம்பரில் உன் ஸ்வீடன் ஊரில் சூரியனே எட்டிப் பார்ப்பதில்லை என்று நீதானே சொல்வாய். எந்த வெயிலை மறைக்க மாட்டினாய்? போனைப் பார்த்தால் கண் எரிகிறது, காகிதத்தில் எழுது என்றாயே. இலையுதிர் காலத்தில் ஆட்டத்தில் ஒரு மோதல், ஒன்றும் இல்லை, மறுநாளே பரீட்சையில் தேறிவிட்டேன் என்றும் சொன்னாய். அங்கேயும் பரீட்சைக்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டுதானே, அதில் நீ என்ன எழுதினாய்? என் குழந்தையே, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, இதையும் தாங்குவாரா என்று தெரியவில்லை, ஆனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டதும் சொல்லிவிடுவேன். ஆட்டத்துக்கு இறங்காதே. உன் அணி தோற்கட்டும், சுற்று போகட்டும், யார் வேலை வேண்டுமானாலும் போகட்டும். உங்கள் ஊர் டாக்டரிடம் மதிப்பெண்ணைக் காட்டாதே, உண்மையைச் சொல். தனியாகப் போகாதே, அந்தத் தோழி மாலினைக் கூட்டிக்கொண்டு போ, படியில் இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள், வெட்கப்படாதே. கம்பளிச் சாக்ஸ் தனிப் பொட்டலமாக வருகிறது, போட்டுக்கொள். கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நான் இரவும் பகலும் அதையேதான் கேட்கிறேன். பதிலில் நலம் என்று எழுதாதே, அந்த வார்த்தை எனக்கு வேண்டாம். எத்தனை தப்பு விட்டாய் என்று மட்டும் எழுது, அடுத்த விமானத்தில் புறப்பட்டு வருகிறேன்.

உன் கையைப் பிடிக்க முடியாத தூரத்தில் இருக்கும்
அம்மா
லின்னியா கங்காஸ்