அமைச்சர் வந்த ரோடு

தம்பி பிரியாந்தோவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மனைவி மக்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே சுகமில்லை.

நீ அனுப்பிய அரிசி மூட்டையையும் சர்க்கரையையும் திருப்பி அனுப்பிவிட்டேன். கொண்டுவந்த உன் ஆபீஸ் டிரைவர், "எல்லாம் விதி, அக்கா. ரோட்டைப் பராமரிக்க மேலேருந்து பணம் வரல, சார் என்ன பண்ணுவாரு?" என்றான். "அமைச்சர் வந்த அன்னிக்கு மட்டும் தார் எங்கேருந்துப்பா வந்துச்சு?" என்று கேட்டேன். அவன் வண்டியில் ஏறிக்கொண்டான்.

சந்தை மேட்டு ரோட்டுக் குழியில் ஊரே சேர்ந்துதான் வாழைக்கன்று நட்டோம். அதைப் பார்த்தாவது உங்களுக்கு வெட்கம் வரட்டும் என்று நட்டது. வெட்கம் வரவில்லை. ஆனால் கன்றைப் பார்த்து வண்டிகள் ஒதுங்கிப் போயின. அமைச்சர் வருகிறார் என்றதும் உன் ஆட்கள் கன்றைப் பிடுங்கி, குழியில் மண்ணைக் கொட்டி, மேலே தாரைப் பூசிவிட்டுப் போனார்கள். அவருடைய கார் குலுங்காமல் போனது. அடுத்த மழைக்கே மண் கரைந்துவிட்டது. குழி நிறையத் தண்ணீர். ரோடு போட்டாயிற்று என்று நம்பித்தானே உன் அத்தான் பைக்கை விட்டார்? விழுந்தவர் எழுவதற்குள் பின்னால் லாரி வந்துவிட்டது. அடக்கத்துக்கு நீ வரவில்லை. ஆபீசில் ஏதோ கூட்டம் இருந்ததாம்.

பண்டுங் நகரத்தில் படித்துவிட்டு வந்த புதிதில், குழியைச் சின்னதாக இருக்கும்போதே அடைத்தால் செலவும் மிச்சம், உயிரும் மிச்சம் என்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசுவாய். என் மச்சான் எஞ்சினியர் என்று உன் அத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த மச்சான் இப்போது, வருஷக் கடைசியில் பணம் திரும்பிப் போய்விடக் கூடாதென்று விருந்தினர் மாளிகை முன்னால் நல்ல ரோட்டையே கொத்தி மறுபடி போடுகிறான்.

லெபரான் பெருநாளுக்கு வந்து வழக்கம்போல என் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். வராதே. பெருநாளன்று தம்பி மண்டியிட்டால் அக்கா அவன் தலையைத் தொட்டு, மன்னித்தேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். நோன்பிருந்த வாயால் என்னைப் பொய் சொல்ல வைக்காதே.

முதலில் அந்தக் குழியைக் கல் போட்டு, இறுக்கி, ஒழுங்காக அடை. பிறகு வா. உன் தலையில் கை வைக்க மனம் வருகிறதா என்று அப்போது பார்க்கிறேன்.

அல்லா உன்னைக் காப்பாற்றட்டும். மழைநாளில் உன் பிள்ளைகள் பைக்கில் இந்தப் பக்கம் வராமலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
காஸ்டியின் மனைவி வார்சினி