மருந்துக் கல்வத்தில் காப்பி

ஐப்பசி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தோட்டத்து மருந்துக் காம்பராவில் காய்ச்சல்காரர்கள் ஒன்பது பேர், அட்டைக்கடிப் புண் இரண்டு. காய்ச்சலுக்கான கொயினா தீரப்போகிறது, எழுதிப் போட வேண்டும்.

சிவகாமி அப்புத்தளைக்குப் போய் இன்றோடு பத்து நாள். அவள் அண்ணன், என் மச்சான் மாரிமுத்துவிடமிருந்து கடிதம். அடுத்த திங்கட்கிழமை குடும்பத்தோடு கப்பலேறித் திருச்சிப் பக்கம் ஊருக்குப் புறப்படுகிறாராம். தங்கச்சியும் கூட வருகிறாளாம். எப்போது திரும்புவார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அடியில் சி. சொல்லி எழுதிய இரண்டு வரி: “அந்த ஜாடியில ஒரே ஒரு தடவை நீங்களே ஒழுங்கா காப்பி போட்டுக் கொண்டாந்து காட்டுங்க. அப்புறம் வாரேன்.”

எல்லாம் அந்த அமுக்கு ஜாடியால். பழைய துரை சீமைக்குப் போனபோது பங்களா ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்தேன். காப்பித்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, சல்லடைத் தட்டு மாட்டிய கம்பியை மேலிருந்து அமுக்கினால் மண்டி அடியில் தங்கிவிடும், தெளிந்த காப்பி மேலே நிற்கும். அப்படித்தான் துரை வீட்டில் நின்றது. பெரிய கங்காணி (பெ.க.) வந்த அன்று சி.யைப் போடச் சொன்னேன். கம்பி பாதியில் சிக்கிக்கொண்டது. வந்தது சேறு. “இது காப்பியா, காவாத் தண்ணியா?” என்று அவர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனவள், மறுநாள் காலை கிளம்பிவிட்டாள்.

தூளில் குறை சொல்ல முடியாது. அதை நானே என் கையால் அரைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்குள் போட்டுக் காட்டுகிறேன். என்ன பெரிய வித்தை.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை இல்லை. மூடுபனி மட்டும்.

கொட்டை வறுத்தேன். கொஞ்சம் கருகல், பரவாயில்லை. மருந்து அரைக்கும் கல்வத்தைச் சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவினேன். மை போல அரைத்து, மல்துணியில் சலித்து, கொதிநீர் ஊற்றி அமுக்கினேன். கம்பி இறங்கவில்லை. எழுந்து நின்று உடம்புப் பாரத்தையும் கொடுத்தேன். குபீரென்று மூக்கு வழியே பீச்சியடித்தது. ஜாடியின் மூக்கு. சட்டை போயிற்று, மணிக்கட்டில் கொப்புளம். என் களிம்பை நானே போட்டுக்கொண்டேன்.

காம்பரா கூட்ட வரும் மூக்காயி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். “பேசாம தேத்தண்ணி குடிங்கய்யா. சுத்தி மலை பூரா தேயிலதானே நிக்கிது!”

ஐப்பசி 11, புதன்

தூள் போதிய நயமாக இல்லை என்று முடிவு செய்தேன். இன்னும் அரைத்து இரண்டு முறை சலித்தேன். கண்ணுக்கு மை தீட்டலாம், அவ்வளவு நயம். நேற்றைவிட மோசம். மூக்காயி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். “ஐயா, இது காப்பியா பேதி மருந்தா?”

மாலையில் பெ.க. வந்தார். “என்னங்க இது, அடுப்படியில நின்னுக்கிட்டு! போயி கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வாங்க. வராம எங்க போயிரும்?”

போய்விடுவாள். அவருக்கு அவளைத் தெரியாது. வீடு வெறிச்சென்று இருக்கிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டுக் காட்டாமல் அங்கே போய் நிற்க மாட்டேன்.

ஐப்பசி 13, வெள்ளி

நேற்று முழுதும் வேலை, எழுதவில்லை. பதுளைக் கடைவீதிக்கு வண்டிக்காரரிடம் கொட்டைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கையிருப்பில் தூள் இல்லை. மல்துணியில் தங்கிய திப்பி மட்டும், உமி மாதிரி கொரகொரவென்று. கொட்டப் போனேன். “அதையுந்தான் போட்டுப் பாருங்களேன், கெட்டா போவுது?” என்றாள் மூக்காயி. போட்டு வெந்நீர் ஊற்றியதும் தேயிலை மலையிலிருந்து கத்திவெட்டுக் கேஸ் ஒன்று. கட்டுப் போட்டுவிட்டு வந்து கம்பியை அமுக்கினேன். ஒரு விரலுக்கே இறங்கிற்று. ஊற்றினால் தேன் நிறம். மண்டி இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சி. அன்றைக்கே சொன்னாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. “கொஞ்சம் கொரகொரன்னு இருந்தா என்னாங்க? தட்டு அடைக்குதே.” நான் என்ன சொன்னேன்? “கல்வம் புடிச்ச கைக்கு நீ சொல்லித் தர்றியா?” கொயினா அரைக்கிற கணக்கில் காப்பியை அரைத்தவன் நான். திட்டு வாங்கியவள் அவள். வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஐப்பசி 14, சனி

கொட்டை வந்தது. இளவறுப்பு. கல்வத்தைத் தொடவில்லை. உரலில் ஒன்றிரண்டாக இடித்தேன். இரண்டு முறை போட்டேன், இரண்டும் தெளிவு.

எடுத்துப் போக: ஜாடி (வேட்டியில் சுற்றி), தூள், சீனி, வெள்ளைச் சட்டை. கொயினாவுக்கு இன்னும் எழுதவில்லை!

பெ.க.வைக் கூட வரச் சொன்னேன். “நான் எதுக்குங்க?”

“உங்க முன்னாலதானே சொன்னேன். இதையும் உங்க முன்னாலதான் சொல்லணும்.”

தலையைச் சொறிந்தார். வருகிறாராம்.

ஐப்பசி 15, ஞாயிறு

பண்டாரவளை வரை நடை, பிறகு ரயில். அப்புத்தளையில் எதிரே வரும் ஆள் தெரியாத பனி.

மாரிமுத்து வீட்டில் மூட்டைகள் கட்டியாகிவிட்டது. சி.யின் பச்சைப் பெட்டியும் அந்த வரிசையில், கயிறு சுற்றி. “வாங்க மாப்ள” என்றார் மாரிமுத்து. நேரே அடுப்படிக்குப் போனேன். சி. கதவோரம் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி இறங்கிற்று.

முதல் டம்ளர் அவளுக்கு. பெ.க.வும் மாரிமுத்துவும் பார்க்க, நின்றபடியே சொன்னேன்: “அன்னைக்குக் கெட்டது நான் அரைச்ச தூள். உன் கை இல்ல. நீ சொன்னத நான் கேக்கல.”

பெ.க. கூரையைப் பார்த்தார்.

குடித்தாள். கடைசி வரை குடித்தாள்.

“சீனி கூடிப்போச்சு.”

பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “கல்வத்த மருந்துக்கே வச்சுக்குங்க. தூள் இனிமே நான்தான் இடிப்பேன்” என்றாள்.

மூன்று மணி ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு இறங்கினோம். ஜாடியை என்னிடம் தர மாட்டேன் என்று அவளே வைத்துக்கொண்டாள். பச்சைப் பெட்டி என் தலையில்.