பாதுகாப்பு என்று சொல்லி உங்களை அனுப்பினார்கள்

அக்கா,

இன்று காலை எங்கள் தையல் லைனில் புதிதாய்ச் சேர்ந்த தேனிக்காரர் வலிப்பு வந்து விழுந்தார். சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார்கள்! கைக்குக் கை போன், நாள் முழுக்க வீடியோ, வைத்தியம் மட்டும் இன்னும் இரும்பு. சத்தம் போட்டுக் கூட்டத்தை விலக்கிவிட்டு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். உங்களுக்குச் செய்து பழகிய கை.

நீங்கள் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் நான் செக்கிங் டேபிளை விட்டு ஓடிவந்து போனில் ரீல் எடுப்பேன். "போ கண்ணு, சூப்பர்வைசர் வர்றாரு" என்று திட்டிக்கொண்டே முடியைச் சரிசெய்துகொள்வீர்கள். வீடியோவை வேகமாக ஓடவிட்டிருக்கிறேன் என்று கமெண்ட் போட்டவர்களோடு மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். அவ்வளவு வேகம் உங்களுக்கு!

வலிப்பு வருமுன் வாயில் துரு ருசி தட்டும் என்பீர்கள். மோட்டாரை அணைத்துவிட்டுத் தரையில் படுப்பீர்கள். நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்வோம். ஒருநாள் அது மேனேஜர் கண்ணில் பட்டது.

"ஏனுங்க, ஊசில கை மாட்டுச்சுன்னா நாந்தானுங்க பதில் சொல்லோணும்? சேஃப்டி முக்கியமுங்க."

"கட்டிங் கத்திப்பக்கம் போவேண்டாம்னா நியாயமுங்க, நானே போக மாட்டேன். இது தையல் மிஷினுங்க. வெரலு மாட்டாம ஊசிக்கு கார்டு போட்டுக் குடுங்க."

"ரிஸ்க்குங்க."

"திங்கக்கிழமை போதை தெளியாம கை நடுங்க வர்றவருக்கு மோரு வாங்கிக் குடுத்து உக்கார வெக்கறீங்களே, அது ரிஸ்க் இல்லீங்களா?"

லைனே சிரித்தது. மறுநாள் உங்கள் மிஷினில் வேறு ஆள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போய் நீளமாக ஸ்டேட்டஸ் போட்டேன். பெரிய வீரன்!

வேலம்பாளையத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்தீர்கள். "அங்க வலிப்பப் பத்திச் சொல்லீட்டீங்களாக்கா?" என்று போனில் கேட்டேன்.

"சொல்லிப்போட்டு மறுபடியும் ஊட்ல உக்காரச் சொல்றியா?"

அங்கே நீங்கள் விழுந்தபோது மல்லாக்கவே கிடத்தி, கை நிறையச் சாவி கொடுத்து, மூச்சு நிற்கும்வரை சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். எந்த ஊர்ப் பாதுகாப்பு அக்கா இது? உங்களைத் திருப்பிப் படுக்கவைக்கத் தெரிந்த மூன்று பேரும் இங்கே, நீங்கள் அங்கே.

தேனிக்காரர் கண் விழித்ததும் என் சட்டையைப் பிடித்தார். "தம்பி, ஆபீஸ்ல சொல்லிராதப்பா. பொழப்பு போயிரும்."

"சொல்லாம உட்டா உசுரு போயிருமுங்கண்ணா. வாங்க, நானும் வர்றேன்."

பிடித்த சட்டையை விடாமலே எழுந்தார். மேனேஜர் அறைக்கு என்னோடு வந்தார். ஊசிக்கு கார்டு வேண்டும் என்று நீங்கள் கேட்டதை அப்படியே கேட்டேன். கூடவே, பக்கத்து மிஷின்காரர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மேனேஜர்.

அறைக்கு வெளியே பெஞ்சில் தேனிக்காரரோடு உட்கார்ந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை, "போய் வேலையப் பாருங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "அவருக்கு மிஷின் குடுங்க, போறேனுங்க" என்றேன். உங்களுக்காக அன்றைக்கு இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் அக்கா.