கடைசிச் சுருக்கு

காரைக்கால்மேடு,
8-12-1977

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாகவே இருக்கிறேன்.

புயலன்று இங்கே பிள்ளைகளை வலைக்கயிற்றால் ஒன்றாகக் கட்டித்தான் காப்பாற்றினார்களாம். முகாமில் இன்னும் மத்தியானம் தூங்கும்போது அதே கயிற்றில் சுருக்குப் போட்டுக் கைக்குக் கை கட்டிக்கொள்கிறார்கள். கடைசிச் சுருக்கு காலியாகவே கிடக்கும். நேற்று அதை அவிழ்க்கப் போனேன்.

"வேணாம் டீச்சர், அது கடலோட போன என் மூணு வயசுத் தங்கச்சிக்கு," என்றாள் செல்லக்கண்ணு.

அவள் பயம் போகட்டுமென்று அதில் என் கையை நுழைத்துப் படுத்தேன். கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பிள்ளைகள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்பால் கயிற்றில் புதிதாக ஒரு சின்னச் சுருக்கு இருந்தது, ஈரமாக. யாராவது விளையாடியிருப்பார்கள். கவலைப்படாதீர்கள்.

விரித்துக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்று வேண்டும். பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், முடிக்கிறேன். இங்குள்ள ஒன்பது பெண் பிள்ளைகளுக்கும் கண்ணாடி வளையல் அனுப்புங்கள். மூன்று வயதுக் கைக்கும் ஒரு ஜோடி.

உங்கள் மகள்,
அமிர்தவல்லி