இனாமாக வந்த மெசின்

1963 யூன் 2, ஞாயிறு

என் மருமகன் தவராசா செய்தது பிழை. விவசாயிகளுக்கான 'கமக்காரர்' மாத இதழில் அவர் எழுதும் "பாவித்துப் பார்த்தேன்" பகுதியில், தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்றை ஒரு பக்கம் புகழ்ந்திருக்கிறார். அந்த மெசினைக் கிளிநொச்சி ஏஜென்ட் தனக்கு இனாமாகக் கொடுத்ததை மட்டும் எழுதவில்லை. அதை வாசித்த பக்கத்துக் காணி இளையதம்பி, மனைவி அன்னபாக்கியத்தின் காப்பை ஈடுவைத்து அதே மெசினை வாங்கினான். அது தண்ணீரை விடக் காற்றைத்தான் கூட இழுக்கிறது. அவனுடைய மிளகாய் வாடுகிறது.

நான் சாமான் சுற்றி வந்த பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அச்சில் வந்தால் உண்மை என்று நானும் நம்பியிருந்தேன்.

யூன் 5

மருமகனிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"மாமா, நான் பொய் எழுதேல்லை. என்ர மெசின் நல்லா இறைக்குது. வந்து பாருங்கோ."

பார்த்தேன். நன்றாகத்தான் இறைக்கிறது. ஏஜென்டின் மெக்கானிக் வந்து பூட்டியது. அடிக்கடி வந்து கழற்றித் துடைத்துவிட்டும் போகிறான். இளையதம்பியிடம் யார் வருகிறார்கள்? ஏஜென்ட் பொறுக்கிக் கொடுத்ததைப் பாவித்துவிட்டு, பெட்டியில் வருவதற்கெல்லாம் இவர் சாட்சி சொல்லலாமா?

இனாம் என்பதையாவது எழுதும் தம்பி என்றேன். எழுதினால் இனி ஒருவரும் ஒன்றும் தரமாட்டார்களாம்.

யூன் 9

எங்கள் குடியேற்றத்துக் கமக்காரர் சங்கம் வருகிற ஞாயிறு கூடுகிறது. எல்லோருக்கும் அதே மெசினைக் கடனுக்கு எடுப்பதுதான் பேச்சு. வரப்போகும் மாரிக் காலபோக நெல் பிணை. இன்னும் விதைக்காத நெல்!

யூன் 12

மகள் கமலாசனி இந்தப் பக்கம் வரவில்லை. பேரப்பிள்ளைகளையும் விடவில்லை.

யூன் 16

கூட்டத்தில் எழும்பி, மருமகன் புகழ்ந்த மெசின் இனாமாக வந்தது என்று சொன்னேன். மருமகன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பின்னுக்கிருந்து யோகநாதன் கேட்டான்:

"அண்ணை, உங்கட மிளகாய்க்கு இப்ப எந்த மெசின்ர தண்ணி பாயுது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

உண்மைதான். மகளின் தோட்டம் எனக்கு மேல்பக்கம். சித்திரையிலிருந்து அவள் மிச்சத் தண்ணீரை என் வாய்க்காலில் திருப்பிவிடுகிறாள். மகள் விடுகிற தண்ணீர்தானே என்று இருந்துவிட்டேன். எந்த மெசினில் வருகிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை. எப்படி நினைக்காமல் விட்டேன்?

நான் உட்கார்ந்துவிடவில்லை. "ஓம், அந்த மெசின்தான். அப்ப என்ர சொல்லையும் நம்பாதேங்கோ. கடையில நீங்களே ஒரு பெட்டியை எடுத்து, இளையதம்பியின்ர கிணத்தில பூட்டிப் பாருங்கோ" என்றேன்.

சிரிப்பு நின்றது. தலைவர் ஐயாத்துரை முடிவை ஒரு கிழமை தள்ளிவைத்தார்.

யூன் 17

விடிய மண்வெட்டியோடு போய் என் வாய்க்காலை மறித்தேன். கமலாசனி வேலிக்கு அங்கால் நின்று அழுதாள்.

"அப்பு, தண்ணிக்கு என்ன தெரியும்?"

இன்னும் ஒரு வெட்டு மண்ணைப் போட்டேன். மிளகாய் பூத்து நிற்கிற நேரம். செத்தாச் சாகட்டும். எனக்கென்ன.

யூன் 20

பூ கொட்டுகிறது.

யூன் 23

சங்கத்தார் தாங்களே எடுத்துவந்த மெசினை இளையதம்பியின் கிணற்றில் பூட்டினார்கள். சத்தம் ஊரைக் கூட்டியது. குழாயில் சொட்டுத்தான். மருமகன் குழாய் வாயில் கையை வைத்துக் கனநேரம் நின்றார்.

யூன் 25

இதழுக்கு அனுப்புவதற்கு முன் எழுதியதை மருமகன் கொண்டுவந்து வாசித்தார். "நான் புகழ்ந்த மெசின் எனக்கு இனாமாக வந்தது" என்றுதான் தொடங்குகிறது. நான் ஒரு சொல்லும் மாற்றச் சொல்லவில்லை. சங்கம் மெசின் வேண்டாம் என்றதும், இனாம் மெசினை ஏஜென்டின் லொறி நேற்றே ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இனி ஆக வேண்டியவை. ஏஜென்ட், இளையதம்பியின் மெசினை எடுத்துக்கொண்டு காப்பை மீட்கக் காசு கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை ஐயாத்துரை சங்கத்தாரோடு அவன் கடைவாசலில் நிற்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவான். இதழ்க்காரர், இனாமாக வந்த பொருள் என்றால் முதல் வரியில் போட வேண்டும். கமலாசனி, நான் மறித்த வாய்க்காலை வெட்டிவிட வேண்டும்.

நாளை விடிய இரண்டு தோட்டத்துக்கும் மகளின் கிணற்றில் துலா ஏற்றத்தால் இறைப்பு. கீழே தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பது நான். மேலே ஏறித் துலா மிதிப்பது மருமகன். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னது.